பத்தாயிரம் குலுக்கல்

ஒவ்லு நகரத்தில் பிப்ரவரி.
ஆறு உறைந்துவிட்டது. அதன் மேல்
பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.
நான்காம் மாடியில் போக்லார்கா
இருநூறு பொருளுக்கு இரண்டு பத்தியில் சொல் அடுக்குகிறாள்:
இடப்பக்கம் ஃபின்னிஷ்,
வலப்பக்கம் அவள் தாய்மொழி, ஹங்கேரியன்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது
ஊரறிந்த சேதி.
அவள் கேட்பது வேறு:
எதுவுமே அறியாத ஓர் எண்ணும் பொறிக்கு
அது தெரியவருமா?

வலப்பக்கத்தைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கு.
மீனுக்கு எதிரே சாம்பல் வந்து உட்காரும்,
இரத்தத்துக்கு எதிரே முழங்கால்.
இந்தப் பொருந்தாக் கல்யாணங்களிலும்
ஒலிகள் எத்தனை ஒழுங்காய் எதிரெதிர் நிற்கின்றன, எண்ணு.
மறுபடி குலுக்கு. பத்தாயிரம் தடவை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம் நாம்.
பனையே முளைக்காத ஊரில் இவள்
பத்தாயிரம் காக்கைகளை உட்காரவைத்துப்
பழத்துக்குக் காத்திருக்கிறாள்.

முகச்சாயல் ஏமாற்றும்.
ஹங்கேரியில் வீடு ஹாஸ்,
ஜெர்மானியனுக்கு ஹவுஸ்.
கட்டிப்பிடிக்கத் தோன்றும்; ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
ஒன்றும் தெரியாததுபோல் வடக்கே நிற்கும்
கோட்டா என்கிற கூம்புக் குடில்தான் இரத்த சொந்தம்.
அங்கே 'க' என்று தொடங்கினால் இங்கே 'ஹ':
மூன்று, கேள், மீன், சா.
கையும் கல்லும் மட்டும் 'க'வை விடவில்லை,
அந்தப் பிடிவாதத்துக்கும் பின்வரும் உயிரெழுத்து காரணம் சொல்லும்.
ஒன்றுபோல் இருப்பது உறவல்ல,
ஒரே விதமாய் வேறுபடுவது.

(சாவதை ஃபின்னிஷில் குவொல் என்பார்கள்.
'கொல்' என்று உங்கள் காது நிமிர்ந்திருக்கும்.
உட்காருங்கள். ஒற்றைச் சாட்சிக்கு
இந்த நீதிமன்றத்தில் நாற்காலி இல்லை.)

நிரலைத் துப்புரவு செய்தவன் ஓஸ்மோ.
சனிக்கிழமைகளில் பனிக்கட்டியில் துளையிட்டுத்
தூண்டில் போடுகிறவன்; இரண்டு முறை வருவதெல்லாம்
தட்டச்சுப் பிழை என்று நம்புகிறவன்.
ஹங்கேரியனில் மீன், ஹல்.
சா என்பதும் ஹல்.
ஓஸ்மோவின் நிரல் பார்த்தது, ஒன்றை அழித்தது.
ஒரு வாரம்
போக்லார்காவின் மொழியில் யாரும் சாகவில்லை.
குலுக்கல்கள் ஓடின. வரைபடங்கள் அழகாக வந்தன.

செவ்வாய் மாலை செகெடிலிருந்து தங்கை எனிக்கோ.
பல் வலி, வாடகை, அம்மாவின் புதுக் கண்ணாடி,
அப்புறம், மறந்துவிட்டேனே, கீழ்வீட்டு லோரான்ட்,
மாடிப்படியில் சைக்கிளைச் சாத்தி
எல்லாரிடமும் திட்டு வாங்குவானே,
மெக்ஹல்ட்.
போய்விட்டான்.

அழவில்லை. அவ்வளவு பழக்கமில்லை.
ஆனால் அந்தச் சொல்லின் நடுவில் கிடந்த அசையை
அவள் காது வெளியே எடுத்து வைத்தது.
அட்டவணையைத் திறந்தாள். எண்ணினாள்.
நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

"உன் நிரல் சாவை அழித்திருக்கிறது" என்று எழுதினாள்.
"மீனையல்லவா காப்பாற்றியிருக்கிறது!" என்று பதில் வந்தது,
ஐந்து நிமிடம் கழித்து, "மன்னித்துக்கொள்."

சாவைத் திரும்ப அதன் வரிசையில் வைத்து
இரவெல்லாம் ஓடவிட்டாள்.
காலையில் விடை:
பத்தாயிரத்தில் மூன்றே குலுக்கல்
உண்மையின் உயரத்தைத் தொட்டிருந்தன.
தற்செயல் அல்ல என்று சொல்ல அது போதும்.
அதற்குமேல் எண் ஒன்றும் சொல்லாது:
யார் பிரிந்து எந்த ஆற்றைக் கடந்தார்கள்,
போகும்போது திரும்பிப் பார்த்தார்களா.

காப்பி ஆறட்டும் என்று
அந்த மூன்றையும் திறந்து பார்த்தாள்.
இரண்டு, வெறும் குப்பை அதிர்ஷ்டம்.
மூன்றாவதில்
சாவு வந்து மீனின் எதிரே நின்றது,
மீன் போய்ச் சாவின் எதிரே.
அவ்விரு வரிசைக்கும் பொறி போட்ட மதிப்பெண்
இம்மியும் மாறவில்லை.

சன்னலுக்குக் கீழே
ஓஸ்மோ, கையில் துளைக்கருவியோடு,
பனிக்கட்டியின் தடிமனைத்
தட்டித் தட்டிப் பார்த்து நடக்கிறான்.